1942–44 ஸ்விங் பதிவுகள்: நல்ல தொகுப்பு இருந்தால் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஸ்விங் (பெரிய குழுக்கள் வாசித்த ஜாஸ் நடன இசை) கேட்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். ஓர் உதவி வேண்டும்.

இப்போது எனக்கு ஹெலன் ஃபாரஸ்ட் பைத்தியம். ஆர்ட்டி ஷா, பென்னி குட்மேன், ஹாரி ஜேம்ஸ் என மூன்று பெரிய குழுக்களில் பாடியவர். குட்மேனிடம் நடுவில் ஒரு சுற்று பாடிவிட்டு உட்கார வேண்டியதுதான். ஜேம்ஸோ பாட்டையே அவர் குரலைச் சுற்றி அமைத்தார். ட்ரம்பெட் மெட்டைச் சொல்லிவிட்டு ஒதுங்கும், அடியில் வயலின்கள் வரும், அப்புறம் ஃபாரஸ்ட் அவசரமே இல்லாமல் நுழைவார். அடடா!

சிக்கல் என்னவென்றால், 1942 ஆகஸ்ட் 1-இல் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டது. விக்டர், கொலம்பியா ஆகிய இசைத்தட்டு நிறுவனங்கள் 1944 நவம்பரில்தான் சங்கத்துக்கு இறங்கி வந்தன. அந்த இடைவெளியில் இந்தக் குழுக்களைக் கேட்க, வானொலி நிகழ்ச்சிகளும் 1943 முதல் படைவீரர்களுக்கென வெளியான வி-டிஸ்க் இசைத்தட்டுகளும்தான் கதி. பன்னிரண்டு அங்குலத் தட்டு என்பதால் பக்கத்துக்கு ஆறு நிமிடம் வரை பாட்டு நீளும்.

நான் வாங்கிய தொகுப்பில் இரைச்சலை நீக்குகிறோம் என்று சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) ஓசையையும் துடைத்துவிட்டார்கள். கம்பளிக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கிறது. கரகரத்தாலும் பரவாயில்லை, குழு உயிரோடு கேட்க வேண்டும். அப்படி ஏதாவது வெளியீடு தெரியுமா? சிடி, டிஜிட்டல் எதுவானாலும் சரி.

பாடகிகளில் ஜோ ஸ்டாஃபர்ட், பெகி லீ இருவர் பாட்டையும் கேட்டாயிற்று. வேறு யார் பாட்டைக் கேட்கலாம்?