சோடியம் 126-உம் உப்பு மோரும்

செவிலியம்மா:
"இதயம் பலவீனமானவருக்குச் சோடியம் குறைந்தால் தினம் இரண்டு டம்ளர் உப்பு மோர் போதும்" என்று நேற்று மோர்ப்பந்தல் என்பவர் எழுதியிருக்கிறார். 28 ஆண்டுகள் இதயப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். இப்படிக் குடித்துவிட்டு, கால் வீங்கி, மூன்று தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கியவர்களைப் படுக்கையில் ஏற்றிய கை இது. அவர்கள் உடம்பில் உப்பு குறையவில்லை, தண்ணீர் கூடிவிட்டது. இதயம் சரியாகத் தள்ளாதபோது, ரத்தம் போதவில்லை என்று உடம்பு ஏமாந்து, தண்ணீரைத் தேக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நீர்த்த குழம்பில் உப்பு குறைவாகத்தான் தெரியும்!

மோர்ப்பந்தல்:
எங்கள் வீட்டில் குழம்பு நீர்த்துப்போனால் உப்புத்தான் போடுவோம். அப்பாவுக்கு ரத்தத்தில் சோடியம் 126 இருந்தது, 135-ஆவது இருக்க வேண்டும். மோர் கொடுத்தோம். ஐந்தே நாளில் 131. இதற்கு என்ன பதில்?

செவிலியம்மா:
எங்கள் வீட்டில் அடுப்பில் வைத்துச் சுண்டவிடுவோம். அதற்குத்தான் சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைடு மருந்து. அந்த ஐந்து நாளில் அப்பாவுக்கு, சோடியத்தையே குறைத்துவிடக்கூடிய ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரையை நிறுத்தினார்களா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள், தம்பி.

மோர்ப்பந்தல்:
நிறுத்தினார்கள். ஆனால் மோரும் கொடுத்தோம்.

மருந்துக்கடை:
டோல்வாப்டான் மாத்திரை இருக்கும்போது மோரைப் பற்றி என்ன பேச்சு? வாசோபிரசினையே தடுத்து, வெறும் தண்ணீரை வெளியேற்றுகிறது.

செவிலியம்மா:
வந்துவிட்டார். அந்த மாத்திரையைச் சோதித்த எவரெஸ்ட் ஆய்வு, 2007, 4,133 நோயாளிகள். சோடியம் ஏறியது, எடை இறங்கியது, மூச்சுத் திணறலும் தணிந்தது. இறப்பு குறைந்ததா? இல்லை. மருத்துவமனையில் வைத்துத்தான் அதைத் தொடங்க வேண்டும். ஒரே நாளில் சோடியம் எகிறிவிட்டால் மூளைத்தண்டில் நரம்புறை சிதைந்து பேச்சே போய்விடலாம். கல்லீரல் பாதிப்பைப் பார்த்து, 30 நாளுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்காவில் 2013-இல் எச்சரித்தார்கள். உங்கள் கடையில் சீட்டு இல்லாமல் கொடுப்பீர்களோ?

மருந்துக்கடை:
ஜப்பானில் 2010 முதல் இதயச் செயலிழப்பு வீக்கத்துக்கே கொடுக்கிறார்கள். அவர்கள் எல்லாம் மடையர்களா? போன மாதம் இளநீர் விவாதத்திலும் என்னை இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

செவிலியம்மா:
பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இளநீர் கொடுத்தால் பொட்டாசியம் ஏறும். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

புள்ளிவிவரம்:
தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறவர்கள் நெதர்லாந்தின் ஃப்ரெஷ்-அப் ஆய்வைப் படிக்கலாம். 2025-இல் வெளிவந்தது, இதயச் செயலிழப்பு உள்ள 504 பேர். பாதிப் பேருக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான், மீதிப் பேர் விருப்பம்போலக் குடித்தார்கள். உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கட்டுப்பட்டவர்களுக்குத் தாகம்தான் மிச்சம்.

மோர்ப்பந்தல்:
பார்த்தீர்களா! தண்ணீரே குடிக்கலாம் என்றால் மோர் குடிக்கக் கூடாதா?

செவிலியம்மா:
நிலையாக நடமாடும் வெளிநோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு அது. 126-உடன் வார்டில் கிடப்பவரை அதில் தேடாதீர்கள். எண்ணைக் கூட்டத் தெரிந்தவருக்கெல்லாம் நோயாளியைத் தெரிந்துவிடாது.

புள்ளிவிவரம்:
வார்டில் நின்றவர்களுக்கெல்லாம் ஆய்வு புரிந்துவிடுமா?

மோர்ப்பந்தல்:
சோடியம் குறைந்து வலிப்பு வந்தால் நீங்களே 3 சதவீத உப்புநீர் ஏற்றுவதில்லையா? அது மட்டும் உப்பு இல்லையோ?

செவிலியம்மா:
100, 150 மில்லி. தீவிர சிகிச்சைப் பிரிவில். மணிக்கணக்கைப் பார்த்து ரத்தம் எடுத்து. உங்கள் சொம்பில் அல்ல.

கேள்விக்குறி:
எனக்கு ஒரு சந்தேகம். ஒன்றரை லிட்டர்க் கணக்கில் ரசம் சேருமா?

செவிலியம்மா:
சேரும். ரசம், கஞ்சி, காபி, மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர், மோர், எல்லாம் சேரும்.

மோர்ப்பந்தல்:
மோர் உணவு. தண்ணீர் இல்லை.

செவிலியம்மா:
ஒரு கரண்டித் தயிருக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

மோர்ப்பந்தல்:
அது வீட்டுக்கு வீடு மாறும். டம்ளரும் சிறியதுதான், 150 மில்லி.

மருந்துக்கடை:
எவர்சில்வர் டம்ளர் 150-ஆ? 200-க்குக் குறையாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் செவிலியம்மாவுடன் ஒத்துப்போகிறேன். இளநீரில் இல்லை.

மோர்ப்பந்தல்:
அளந்து பார்த்தேன். 230. ஆனால் நாங்கள் விளிம்பு வரை ஊற்ற மாட்டோம்.