எஸ்ஆர்-71 கறுப்பாக வரவில்லை, எனோலா கே வெள்ளையடித்துவிட்டது: மியூசியத்தில் படம் எடுக்க உதவி தேவை

வானம்பாடி:
வணக்கம் நண்பர்களே. போன சனிக்கிழமை வர்ஜீனியாவில் உள்ள உட்வார்-ஹேஸி மியூசியத்துக்குப் போயிருந்தேன். வாஷிங்டன் டலஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஸ்மித்சோனியனின் பெரிய விமானங்கள் எல்லாம் இங்கேதான் நிற்கின்றன. நாள் முழுக்கச் சுற்றி 400 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் இருபதுகூடத் தேறவில்லை.

எஸ்ஆர்-71 உளவு விமானம் நேரில் கரிக்கட்டை மாதிரி இருந்தது, படத்தில் சாம்பல் பூத்து வெளிறிப் போய் இருக்கிறது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட எனோலா கேயின் அலுமினிய உடம்பில் விளக்கெல்லாம் வெள்ளைத் திட்டுகளாக விழுந்திருக்கின்றன, மூக்கும் பானை மாதிரி வீங்கித் தெரிகிறது. மற்றதில் பாதிக்கு மேல் கை ஆடி மங்கிவிட்டன.

கேமரா கிராப் சென்சார் டிஎஸ்எல்ஆர், 18-55 கிட் லென்ஸ். நாய்ஸ் (படத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும் மாசு) வரும் என்று ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, 800-க்கு மேல் ஏற்றவில்லை. ஷட்டர் பெரும்பாலும் 1/8, 1/10 நொடி. டிரைபாட் கொண்டுபோகலாமா?

இது எனக்கு முக்கியம். அப்பா விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்தவர். இவ்வளவு தூரம் வர இப்போது அவரால் முடியாது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.

பழைய லென்ஸ்:
டிரைபாட், மோனோபாட், செல்ஃபி ஸ்டிக் மூன்றுக்கும் அங்கே அனுமதி கிடையாது. வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

கறுப்பு வெளிறுவதற்குக் காரணம் கேமராவின் மீட்டர்தான். எதிரே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது எடுத்துக்கொள்ளும். ஃபிரேம் முழுக்கக் கறுப்பு விமானம் நின்றால், 'இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மீட்டர் சொல்லும் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -1 வையுங்கள், வெளிச்சம் பாதியாகும். டிஸ்கவரி விண்வெளி ஓடத்துக்குப் போனால் இதற்கு நேர்மாறு, வெள்ளை அதிகம் என்பதால் +0.7 அளவுக்கு ஏற்ற வேண்டும்.

இதிலேயே உங்கள் ஆட்டத்துக்கும் மருந்து இருக்கிறது. ஐஎஸ்ஓவை 800-லிருந்து 3200-க்கு ஏற்றினால் 1/8 என்பது 1/30 ஆகும். அதோடு -1 வைத்தால் 1/60. கையில் பிடித்து எடுக்க அது தாராளம். நாய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன படத்தை எதுவும் செய்ய முடியாது. ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள், விளக்கு வெளிச்சத்தின் மஞ்சள் சாயலை வீட்டில் உட்கார்ந்து சரிசெய்யலாம்.

நீல வானம்:
அலுமினியத்தில் விழும் திட்டுகளுக்கு பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்கி லென்ஸில் போடுங்கள் நண்பரே, எல்லாம் போய்விடும்.

ரிவெட்:
மன்னிக்கவும், இங்கே அது உதவாது. பெயிண்ட் அடித்த பரப்பு, காக்பிட் கண்ணாடி இவற்றின் பிரதிபலிப்பைப் போலரைசர் குறைக்கும். வெறும் உலோகத்தில் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே வெளிச்சம் பத்தாத இடத்தில் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) தின்றுவிடும்.

நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுவதுதான் வழி. இரண்டு அடி நகர்ந்தாலே திட்டும் நகரும். கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடங்கள். திட்டு சிறியதாகி, இறக்கையின் வளைவோடு ஓடும் கோடாக மாறும் இடம் ஒன்று கிடைக்கும், அங்கே நின்று எடுங்கள். உலோகம் உலோகமாகத் தெரிய அந்தக் கோடு வேண்டும்.

மூக்கு வீங்குவது பக்கத்தில் நின்று லென்ஸின் அகலக் கோணமான 18 எம்எம்மில் எடுப்பதால். எனோலா கேயின் இறக்கை முனைக்கு முனை 43 மீட்டர். அதைத் தாங்கிகளில் உயர்த்தி வைத்து, கீழே மற்ற விமானங்களைச் செருகியிருக்கிறார்கள். தரையில் நின்று முழுசாக எடுக்கப் பார்த்தால் வயிறும் கூட்டமும்தான் வரும். மேல்நடைபாதைக்குப் போய்விடுங்கள், காக்பிட் உங்கள் கண் மட்டத்துக்கு வரும். தள்ளி நின்று 35-லிருந்து 55 எம்எம் வரை பயன்படுத்துங்கள்.

உங்கள் அப்பா டெக்னீஷியன் என்றால் முழு விமானத்தைவிட நெருக்கப் படங்கள்தான் அவருக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது. எஸ்ஆர்-71-இன் இறக்கைத் தோல் சமமாக இருக்காது, முன்னிருந்து பின்னாக வரிவரியாக மடிப்புகள் ஓடும். அதிவேகத்தில் சூடேறி விரியும்போது தோல் கண்டபடி நெளியாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். நேர் வெளிச்சத்தில் மடிப்பு தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு விழும் கோணத்தைத் தேடுங்கள்.

வானம்பாடி:
எல்லோருக்கும் நன்றி. ஃபிளாஷ் போட்டால் கறுப்பின் விவரம் தெரியுமா?

பழைய லென்ஸ்:
வேண்டாம். கேமராவோடு வரும் குட்டி ஃபிளாஷின் வெளிச்சம் சில மீட்டர் தூரத்திலேயே தீர்ந்துவிடும், அந்த விமானத்தின் நீளமோ 32 மீட்டருக்கு மேல். மூக்கு வெளுத்து, வால் இருட்டில் போய்விடும். நுழைந்ததும் வரும் மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பி மீது ஒரு துண்டை மடித்து வைத்து, கேமராவை அதில் அழுத்திப் பிடித்து இரண்டு நொடி டைமரில் எடுங்கள். அங்கிருந்து பார்த்தால் எஸ்ஆர்-71 உங்களை நோக்கி நேராக நிற்கும், பின்னால் டிஸ்கவரியும் தெரியும். திறந்ததும் போய்விட்டால் ஆள் குறுக்கே வராது.

வானம்பாடி:
போய் வந்துவிட்டேன். இந்த முறை 90 படங்கள்தான், அறுபதுக்கு மேல் நன்றாக இருக்கின்றன.

கறுப்பு கறுப்பாகவே வந்திருக்கிறது. -1 பத்தவில்லை, மேல்தளத்திலிருந்து எடுத்ததற்கு -1.3 வைத்தேன். வாலில் 17972 என்ற எண் தெளிவாகப் படிக்க முடிகிறது. 1990 மார்ச் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வாஷிங்டனுக்கு 1 மணி 4 நிமிடம் 20 நொடியில் பறந்து வந்தது இதே விமானம்தான். அதை அப்பாவிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

இறக்கை மடிப்புக்காக அரை மணி நேரம் சுற்றினேன். பின்பக்கமாகக் குனிந்து பார்த்தபோது சட்டென்று வரிகள் எழுந்து நின்றன. படத்தைப் பார்த்த அப்பா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சக்கரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, டயர் ஏன் வெள்ளி நிறத்தில் இருக்கிறது என்று கேட்டார். யாருக்காவது தெரியுமா?

ரிவெட்:
ரப்பரில் அலுமினியப் பொடி கலந்திருக்கிறது. பறக்கும்போது சக்கர அறைவரை சூடு ஏறும், அதைத் தாங்க இந்த ஏற்பாடு. உள்ளே அடைப்பது நைட்ரஜன். பின்பக்கக் கால் ஒவ்வொன்றிலும் மூன்று டயர் இருக்கும், அப்பாவை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வானம்பாடி:
சொன்னேன். ஏற்கெனவே எண்ணிவிட்டாராம். மேல்தளப் படத்தோடு சக்கரத்தையும் தனியாகப் பிரிண்ட் போட்டு அனுப்பச் சொல்கிறார், அதுவும் அதே அளவில்.