கொக்கி இழை, நெளி இழை இரண்டுக்கும் பீமில் வித்தியாசமே இல்லை, எங்கே தவறு?

கேள்வி:
வணக்கம். முதுகலை புராஜெக்ட்டுக்காக எம்30 (28 நாளில் 30 எம்.பி.ஏ. அமுக்க வலிமை) கான்கிரீட்டில் ஸ்டீல் ஃபைபர், அதாவது குட்டிக் கம்பி இழை போட்டுச் சோதித்தேன். ஒன்று முனையில் கொக்கி வைத்தது (60 மி.மீ. நீளம், 0.75 விட்டம்), இன்னொன்று நெளிநெளியானது (30 மி.மீ., 0.5). இரண்டிலும் 1 சதவீதம். 28 நாள் கியூப் (அமுக்கிப் பார்க்கும் கனசதுரம்), 100 மி.மீ. பீம் (வளைத்துப் பார்க்கும் கட்டை) எல்லாமே சாதா கான்கிரீட்டை ஒட்டியே வருகின்றன. கொக்கிதான் வலு என்று படித்தேனே? கைடு வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பதில் 1:
கியூப்பை விட்டுவிடுங்கள். இழை போடுவதால் அமுக்க வலிமை பெரிதாக ஏறாது. இழை வேலை செய்வது விரிசல் விழுந்த பிறகுதான். உங்கள் மெஷின் லோடு கண்ட்ரோலா, அதாவது சுமையைச் சீராக ஏற்றிக்கொண்டே போவதா? அப்படியென்றால் உச்சத்தைத் தொட்டதும் பீம் பட்டென்று போய்விடும், அதற்கப்புறம் நடப்பது பதிவே ஆகாது.

பதில் 2:
அது சரி, ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள். 1 சதவீதம் என்றால் எதில்? உடைந்த முகத்தில் எத்தனை இழை தெரிகிறது?

கேட்டவர்:
லோடு கண்ட்ரோல்தான். சிமெண்ட் எடையில் 1 சதவீதம், கன மீட்டருக்கு 380 கிலோ சிமெண்ட். கொக்கி பீமில் எண்ணிப் பார்த்தேன், 6 இழை.

பதில் 2:
பிடிபட்டது. 3.8 கிலோதான் போட்டிருக்கிறீர்கள். கன அளவில் 1 சதவீதம் என்றால் 78.5 கிலோ! உங்களுடையது 0.05 சதவீதம்கூட இல்லை. அந்தக் கணக்குக்கு 100க்கு 100 முகத்தில் ஐந்தாறு இழைதான் வரும், நீங்கள் எண்ணியதும் அதுவே. இவ்வளவுக்கு எந்த வடிவமும் ஒன்றுதான்.

வடிவம் செய்வது இதுதான். நேர் இழையைப் பிடித்து வைப்பது உராய்வு மட்டும். கொக்கியை உருவ வேண்டுமானால் அதன் வளைவுகள் கான்கிரீட்டுக்குள்ளேயே நிமிர வேண்டும். கம்பியை நிமிர்த்தும் அந்த விசைதான் விரிசலைத் தாங்குகிறது. நெளி இழை நீளம் முழுக்கப் பிடிக்கும், ஆனால் நெளிவு நிமிரும்போது நீண்டுகொடுப்பதால் விரிசல் கொஞ்சம் அகன்றுவிடும். பிடிப்பு அதிகமானாலும் ஆபத்து உண்டு: கம்பி உருவி வராமல் அறுந்தால் பீம் திடீரென்று போகும். அதனால் உடைந்த முகத்தில் இழை நுனியைப் பாருங்கள், கொக்கி நிமிர்ந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று. (மிக உயர் வலிமைக் கான்கிரீட்டில் 13 மி.மீ. நேர் இழையே போதுமானதாக இருப்பதற்குக் காரணம், அங்கே கலவையே அவ்வளவு அடர்த்தி.)

பதில் 1:
இன்னொன்று. உங்கள் ஒப்பீடு வடிவ ஒப்பீடே இல்லை. ஒன்றின் நீள-விட்ட விகிதம் 80, மற்றதற்கு 60. எண்ணிக்கையும் அப்படியே: கிலோவுக்குக் கொக்கி சுமார் 4,800, நெளி 21,000க்கு மேல். ஒரே நீளம், ஒரே விட்டத்தில் இரண்டையும் வாங்குங்கள். 60 மி.மீ. இழைக்கு 100 மி.மீ. அச்சு சின்னது, இழை சுவரோடு சாய்ந்து படுத்துவிடும். 150 எடுங்கள்.

கேட்டவர்:
அய்யோ, சிமெண்ட் கணக்கில் கோட்டைவிட்டேன். அப்போ நேராக 78.5 கிலோ போடவா?

பதில் 2:
வேண்டாம். விகிதம் 80 உள்ள இழையை அவ்வளவு கொட்டினால் முள்ளம்பன்றி மாதிரி உருண்டை பிடிக்கும். 40 கிலோவில் தொடங்குங்கள். ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர் கலந்த பிறகு மிக்ஸர் சுற்றும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். டிஸ்ப்ளேஸ்மெண்ட் கண்ட்ரோல் மெஷின் (சுமைக்குப் பதில் பீம் வளைவதைச் சீராகக் கூட்டுவது, விரிசலுக்குப் பிறகு நடப்பதும் பதிவாகும்) பக்கத்துக் கல்லூரியில் இருக்கிறதா என்று இன்றே கேட்டுவிடுங்கள், உங்கள் முறை வரவே நாளாகும்.