நாபா பக்கம் ஒருநாள் பயணம்: ஒயின் தொடாத அம்மா, ஒரு பழைய புத்தகம், எங்கே போகலாம்?

மழைக்குருவி:

வணக்கம். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். கோல்டன் கேட் பாலம், அக்குவேரியம் எல்லாம் காட்டியாச்சு. அக்டோபர் மூன்றாவது வாரம் ஒரு நாள் நாபா, சொனோமா ஒயின் பள்ளத்தாக்குகள் பக்கம் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். வழக்கமான ஒயின் டூர் வேண்டாம். அப்பா ஒரு கிளாஸ் ருசி பார்ப்பார், அம்மா தொடவே மாட்டார். ஆனால் அம்மா ஓய்வு பெற்ற தமிழாசிரியை, மழை பெய்து மைதானத்துக்குப் போக முடியாத பீரியடை எல்லாம் 'புதையல் தீவு' கதை சொல்லியே ஓட்டியவர். அதை எழுதிய ஸ்டீவன்சன் கல்யாணமான கையோடு நாபாவில் வந்து தங்கி 'சில்வராடோ ஸ்குவாட்டர்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார் என்பது எனக்கே போன மாதம்தான் தெரியும். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது, இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன்.

என் திட்டம்: காலையில் க்ளென் எல்லனில் எழுத்தாளர் ஜாக் லண்டனின் பண்ணை, அப்புறம் செயின்ட் ஹெலனாவில் ஸ்டீவன்சன் மியூசியம், மதியத்துக்கு மேல் செயின்ட் ஹெலனா மலை உச்சி, இறங்கி வந்து ஸ்டீவன்சன் ஒயின் குடித்த ஷ்ராம்ஸ்பெர்க் ஒயின் தோட்டம். ஃப்ரீமாண்டிலிருந்து கிளம்புகிறோம். அம்மாவுக்கு வயது 68, முட்டி வலி உண்டு. ஒரே நாளில் முடியுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

சாலைப்பித்தன்:

முடியாது. இதில் இரண்டு நாள் பயணம் இருக்கிறது, அதுவும் முட்டி வலி இல்லாதவர்களுக்கு.

வரைபடத்தில் சொனோமாவும் நாபாவும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரித் தெரியும், ஆனால் நடுவில் மயாகமாஸ் மலைத்தொடர் கிடக்கிறது. க்ளென் எல்லனிலிருந்து அந்த மலையடிவாரத்து ஊரான காலிஸ்டோகா போக வளைந்து வளைந்து முக்கால் மணி நேரம். மலை உச்சிக்குப் போக வர பத்து மைலுக்கு மேல் நடை, 4,343 அடி உயரம், பாதையின் மேல்பாதியில் நிழலே கிடையாது. அதை விட்டுவிடுங்கள். ஸ்டீவன்சன் தங்கின இடம் உச்சியில் இல்லை. 29-ஆம் நம்பர் சாலையில் காலிஸ்டோகாவைத் தாண்டி ஏழெட்டு மைல் மேலே ஏறினால் சாலையின் இரண்டு பக்கமும் மண் தரையில் கார் நிறுத்துமிடம் இருக்கும், அங்கிருந்து மரநிழலில் ஏறக்குறைய ஒரு மைல் ஏறினால் அந்தக் குடிசை இருந்த இடம். குடிசை இப்போது இல்லை. 1911-இல் வைத்த ஒரு கல் இருக்கிறது, விரித்து வைத்த புத்தகம் போல, அவர் கவிதை வரிகளைச் செதுக்கி. ஒரு மைல்தான் என்றாலும் ஏற்றம், வேர்கள், உருட்டுக்கல். கைத்தடி இருந்தால் நல்லது. தண்ணீர், கழிப்பறை இரண்டும் அங்கே கிடையாது, அதனால் காலிஸ்டோகாவிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான் என் மாமியாரோடு போனேன், மேலே எழுத விருப்பமில்லை.

29-இல் செயின்ட் ஹெலனா ஊருக்குள் பத்து மணிக்கு மேல் கார்கள் எறும்புப் பத்தி மாதிரி நகரும். இணையாகக் கிழக்கே ஓடும் சில்வராடோ டிரெயிலைப் பிடியுங்கள். முடிந்தால் வாரநாளில் போங்கள். அறுவடைக் காலத்தில் சனிக்கிழமை போவதும் தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவுக்குப் போவதும் ஒன்றுதான்.

ஒயின் ருசிக்கும் இடம் எதுவானாலும் முன்பதிவு செய்யுங்கள். போன வருடம் ஒரு பெரிய இடத்துக்கு "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று போனோம். வாசலில் இருந்த பையன் சிரித்த முகமாகவே திருப்பி அனுப்பிவிட்டான். மணி மதியம் இரண்டு, ஐந்து பேர், காரில் வாழைப்பழம் மட்டும்.

பழைய புத்தகம்:

சாலைப்பித்தன் சொன்னது சரி, ஸ்டீவன்சனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்தாளர், ஒரு பள்ளத்தாக்கு, அது போதும். ஆனால் புத்தகம் படித்தவர் என்பதால் ஒன்று: அவர் அங்கே இருந்தது இலையுதிர் காலத்தில் இல்லை. 1880 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ஃபேனியைக் கல்யாணம் செய்துகொண்டு, நுரையீரல் நோயோடு, கையில் காசில்லாமல், கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தின் தொழிலாளர் கொட்டகையில் போய் வாடகை கொடுக்காமல் உட்கார்ந்துகொண்டார்கள். தேனிலவு என்று பெயர். ஜன்னலில் கண்ணாடி இல்லை, தளத்தில் குப்பையும் கல்லும். ஜூலையில் கிளம்பியும் விட்டார்கள். அதனால் புத்தகத்தில் மஞ்சள் இலையைத் தேடினால் கிடைக்காது.

இன்றைக்கும் அப்படியே கிடைப்பது மூடுபனி. ஒருநாள் விடியற்காலையில் எழுந்து பார்க்கிறார், கீழே பள்ளத்தாக்கைக் காணோம், கடல் வந்து நிரம்பியதுபோல வெள்ளையாகப் பனி, மலை முகடுகள் மட்டும் தீவு மாதிரி. அந்த அத்தியாயம் ஒன்றை மட்டும் அம்மாவுக்குக் காரில் தமிழில் சொல்லிக்கொண்டே போங்கள். அதனால்தான் சொல்கிறேன், மலையை மதியத்துக்கு வைக்காதீர்கள், முதல் வேலையாக வையுங்கள். பனி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, இருந்தால் அதிர்ஷ்டம்.

அப்புறம் ஷ்ராம்ஸ்பெர்க். ஜேக்கப் ஷ்ராம் நாவிதராக இருந்தவர். 1862-இல் மலைச்சரிவில் தோட்டம் போட்ட பிறகும் வெகுநாள் கத்தியை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கு முழுக்கச் சவரம் செய்து சம்பாதித்தார் என்று ஸ்டீவன்சனே எழுதுகிறார். ஸ்டீவன்சன் நிலவறையில் இறங்கி ஒன்று விடாமல் ருசி பார்த்துக்கொண்டிருந்தபோது, ஃபேனி எங்கே என்று நினைக்கிறீர்கள்? பாடம் செய்த பறவைகள் வைத்த வராந்தாவில், ஷ்ராமின் மனைவியோடு பேசிக்கொண்டு. ஆகவே உங்கள் அம்மா வெளியே உட்கார்ந்திருப்பதும் இலக்கிய மரபுதான் :) அந்தக் குகைகளை மலையைக் குடைந்து தோண்டியவர்கள் சீனத் தொழிலாளர்கள். இப்போது அங்கே செய்வது நுரைக்கும் ஒயின். 1972-இல் நிக்சன் பீஜிங் போனபோது விருந்தில் ஊற்றியது இதைத்தான். அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள், கிளாஸை வேறு மாதிரிப் பிடிப்பார்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. சான் பிரான்சிஸ்கோ ஒயின் வியாபாரி ஒருவர் ஸ்டீவன்சனுக்கு ஒரு கட்டு லேபிள்களைக் காட்டுகிறார், எல்லாவற்றிலும் கிரீடமும் பிரெஞ்சு மாளிகைப் பெயர்களும். உள்ளே இருப்பது கலிபோர்னியா ஒயின். ஒரு பெயரைக் காட்டி இதைக் கேள்விப்பட்டதே இல்லையே என்கிறார் ஸ்டீவன்சன். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், அப்போது நான் இன்னாருடைய நாவல் படித்துக்கொண்டிருந்தேன் என்கிறார் வியாபாரி! நாவலிலிருந்து பெயரெடுத்து பாட்டிலில் ஒட்டிவிட்டார். இன்று அதே பள்ளத்தாக்கின் வரவேற்புப் பலகையில் "ஒயின் என்பது பாட்டிலில் அடைத்த கவிதை" என்று ஸ்டீவன்சன் வரியை எழுதி வைத்திருக்கிறார்கள், எல்லாரும் அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மியூசியம் செயின்ட் ஹெலனா நூலகத்தை ஒட்டி இருக்கிறது. 1969-இல் தொடங்கியது, சின்னது, அனுமதி இலவசம். கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், சிறுவயதில் அவர் விளையாடிய ஈயச் சிப்பாய்கள். திறந்திருக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் அம்மா அங்கே ஒரு மணி நேரம் நிற்பார், அப்பா பத்து நிமிடம்.

ரெண்டாம் கியர்:

நான் எதிர்க்கட்சி. முட்டி வலிக்காரரை மலைச்சரிவில் ஏற்றி ஒரு கல்லைக் காட்டுவதைவிட ஜாக் லண்டன் பண்ணை எவ்வளவோ மேல். அங்கே பார்க்க வீடு இருக்கிறது, எழுதிய மேஜை இருக்கிறது, பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய மறுப்புக் கடிதங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எழுதுகிற பழக்கம் உள்ள யாரும் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்பார்கள். பன்றிகளுக்கு வட்டமாகக் கல்லில் கட்டிய தொழுவம், அதை ஊரார் 'பன்றி அரண்மனை' என்றார்கள். ஓநாய் வீடு என்று 26 அறைகளோடு ஒரு மாளிகை கட்டி, குடிபோகிற சமயத்தில் 1913 ஆகஸ்டில் ஒரே ராத்திரியில் எரிந்துபோனது. யாரோ கொளுத்திவிட்டார்கள் என்றே வெகுகாலம் பேச்சு. 1995-இல் தீ விபத்து நிபுணர்கள் வந்து ஆராய்ந்து, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் தானாகவே சூடேறிப் பற்றியிருக்கும் என்றார்கள். கல்சுவர்களும் புகைபோக்கிகளும் செம்மரங்களுக்கு நடுவே இன்னும் நிற்கின்றன. மூன்று வருடம் கழித்து 40 வயதில் ஆளும் போய்விட்டார். அந்த வீட்டைக் கட்டும்போது வேண்டாமென்று ஒதுக்கிய பாறைதான் கல்லறைமேல் இருக்கிறது.

ஒயின் தேசத்தின் நடுவே உட்கார்ந்து, தன் குடிப்பழக்கத்தைப் பற்றி 'ஜான் பார்லிகார்ன்' எழுதியவர். உங்கள் அம்மாவுக்கு இவரைத்தான் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பழைய புத்தகம்:

ஓநாய் வீட்டுக்கும் போக வர ஒரு மைலுக்கு மேல் நடக்கணும் சார், திரும்பும்போது ஏற்றம். அதைச் சொல்லவில்லையே.

ரெண்டாம் கியர்:

சரி, ஏற்றம்தான். ஆனால் கழிப்பறை இருக்கிறது.

திராட்சைச் சக்கை:

இரண்டு அறுவடைக்காலம் ஒரு ஒயின் தொழிற்கூடத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன், அதனால் இலக்கியம் பக்கம் போகாமல் கண்ணுக்கும் மூக்குக்கும் இரண்டு விஷயம்.

அக்டோபர் மூன்றாவது வாரம் நல்ல தேர்வு. நுரை ஒயினுக்கான பழம் ஆகஸ்டிலேயே பறித்தாகிவிடும், காபர்னே என்ற கறுப்புத் திராட்சை கடைசியில்தான் வரும், நீங்கள் போகும்போது சில தோட்டங்களில் இன்னும் குலை தொங்கும். பறிப்பது பெரும்பாலும் ராத்திரியில், விளக்கு போட்டு, பழம் சூடேறாமல் இருக்க. கார் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். பிழிந்த சக்கையைக் குவித்திருக்கும் இடங்களில் புளித்த தோசைமாவும் வெல்லப்பாகும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை வரும், ஒரு கிளாஸ் குடிக்காமலே அந்தத் தொழில் என்னவென்று அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

ஃபால் கலர் என்று எல்லாரும் ஓடிப்போய்ப் படமெடுக்கும் ரத்தச் சிவப்புக் கொடிகள் இருக்கிறதே, அதில் பாதி நோய். இலைச்சுருட்டு வைரஸ் தாக்கினால் கறுப்புத் திராட்சை இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றதெல்லாம் சிவந்து ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். மாவுப்பூச்சி பரப்புகிறது. நல்ல கொடி பெரும்பாலும் மஞ்சளாகத்தான் பழுக்கும். தோட்டக்காரருக்கு அந்தச் சிவப்பைப் பார்த்தால் வயிறு எரியும். ஓர் இலையைப் புரட்டிப் பாருங்கள், தோட்டத்துக்குள் இறங்காமல், வேலியோரம்.

கிளம்பும் முன் தீ எச்சரிக்கையைப் பாருங்கள். 2017 அக்டோபர் 8 ராத்திரி காலிஸ்டோகா பக்கம் பிடித்த தீ விடிவதற்குள் சான்டா ரோசா வரை போனது, 2020-இலும் செயின்ட் ஹெலனா, காலிஸ்டோகா பக்கம் எரிந்தது. வறண்ட காற்று எச்சரிக்கை இருந்தால் மலைப்பக்கம் வேண்டாம். இன்னொன்று, அப்பா திறந்த பாட்டிலை மிச்சம் வைத்து வாங்கி வந்தால் அதை டிக்கியில் வையுங்கள். காருக்குள் திறந்த பாட்டில் சட்டவிரோதம்.

மழைக்குருவி:

எல்லாருக்கும் நன்றி. போய் வந்தாச்சு, வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு. ஸ்டீவன்சன் மட்டும்.

ஆறு மணிக்குக் கிளம்பியும் பனிக்கடல் முழுசாகக் கிடைக்கவில்லை. 29-இல் ஏறும்போது ஒரு வளைவில் மட்டும் கீழே காலிஸ்டோகா இருக்க வேண்டிய இடத்தில் பால் கொட்டினது போல் கிடந்தது, காரை நிறுத்த இடமில்லை, அடுத்த வளைவில் அதுவும் போய்விட்டது. அம்மா பார்த்துவிட்டார், அப்பா தண்ணீர் பாட்டில் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கல் வரைக்கும் ஏற அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஆறு இடத்தில் உட்கார்ந்தோம். மேலே போனதும் முதல் வேலையாக முந்தானையால் கல்புத்தகத்தின் மேல் கிடந்த பைன் ஊசிகளைத் துடைத்தார். எழுத்துக்கூட்டி நான்கு வரி படித்தார். "இங்கேயா குடித்தனம் பண்ணினா அந்தப் பொண்ணு?" என்று மட்டும் கேட்டார். புளியோதரையைக் கீழே போத்தே மாநிலப் பூங்காவில் மேஜை பிடித்துச் சாப்பிட்டோம். மியூசியத்தில் நேரம் சரியாகப் பழைய புத்தகம் சொன்ன கணக்குதான், அப்பா பத்து நிமிடம்கூட இல்லை.

ஷ்ராம்ஸ்பெர்க்கில் நானும் அப்பாவும் உள்ளே போக, அம்மா வெளியே மரத்தடியில் இருந்துகொண்டார், என் போனில் அந்த அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. திரும்பி வந்தபோது கொஞ்சம் கோபமாக இருந்தார். உள்ளே குடித்த ஒயினுக்கெல்லாம் வரிசையாகப் பேர் எழுதியிருக்கிறாரே, வராந்தாவில் அந்த இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று ஒரு வரி எழுதக்கூடாதா என்றார். காரில் வரும் வழியெல்லாம் அதையே பேசினார். அப்பா இரண்டு கிளாஸ் முடித்திருந்ததால் நல்ல மனநிலையில் புறநானூற்றில் யவனர் கொண்டுவந்த தேறல் வருகிறதே, அதைக் கொஞ்சம் சொல்லேன் என்று பேச்சை மாற்றப் பார்த்தார், எடுபடவில்லை.

ரெண்டாம் கியர், அடுத்த மாதம் ஓநாய் வீடு. முட்டிக்குப் பட்டை வாங்கிவிட்டோம்.