மாட்டுக் கொட்டகைக் கூரையில் சோலார் தகடுகளை நாமே பொருத்தலாமா?

கேள்வி:
ஈரோடு பக்கம் எங்கள் தோட்டத்து மாட்டுக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெற்கு நோக்கிச் சரிந்திருப்பதால், 540 வாட் தகடுகள் நான்கை அதில் நானே பொருத்தி, பேட்டரியுடன் இயக்க எண்ணுகிறேன். கூரையிலேயே துளையிட்டு இறுக்கலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். தகடு ஒன்றே ஏறத்தாழ 28 கிலோ இருக்கும்; அதைவிட, ஆடிக் காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும் விசைக்குத்தான் அஞ்ச வேண்டும். அந்தக் கூரை ஆள் மிதித்தாலே உடையக்கூடியது, துளையிடும்போது பறக்கும் இழைத்தூசியோ நுரையீரலைக் கெடுப்பது. கொட்டகையை ஒட்டி வெளியே, கான்கிரீட்டில் ஊன்றிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்த் தூண்களின் மேல் தனிச் சட்டம் அமைத்து, 10 முதல் 12 பாகை சாய்வில் தெற்கு நோக்கிப் பொருத்துங்கள். நம் பகுதிக்கு அவ்வளவு சாய்வு போதும்.

மறுமொழி 2:
சட்டத்தை நீங்களே அமைக்கலாம். மின் இணைப்புக்கு மட்டும் விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் உடனிருக்கட்டும். நான்கையும் தொடராக இணைத்தால் 200 வோல்ட் அளவுக்கு டிசி (ஒரே திசையில் பாயும்) மின்சாரம் வரும், வெயில் உள்ளவரை அது நிற்காது. அதைத் துண்டிக்கும்போது எழும் தீப்பொறியை, வீட்டிலுள்ள ஏசி (திசை மாறிப் பாயும்) மின்சாரத்துக்கான எம்சிபி, அதாவது மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச், அணைக்கும் என நம்பாமல், டிசிக்கென்றே செய்யப்பட்டதை வாங்குங்கள். ஒயரைக் குழாய்க்குள் இழுங்கள், அணில் விட்டுவைக்காது.

மறுமொழி 3:
பின்னாளில் வீட்டு மின் இணைப்புடன் சேர்த்து மானியமும் பெற நினைத்தால், 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் பதிவுபெற்ற விற்பனையாளரே பொருத்த வேண்டும் என்பதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள்.