சூப்பர் யூசரில் போட வைத்திருக்கும் எக்செல் கேள்வி: வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

நிரல்வரி (கேள்வி)

வணக்கம். கணினிச் சந்தேகங்களுக்கான கேள்வி-பதில் தளமான சூப்பர் யூசரில் முதல் முறையாகக் கேள்வி போடப் போகிறேன். அங்கே சரியில்லாத கேள்விக்கு மைனஸ் விழும், மூடியும் விடுவார்கள் என்கிறார்கள். வரைவு கீழே (விலுக்கப் என்பது ஒரு மதிப்பை இன்னொரு அட்டவணையில் தேடி எடுத்து வரும் எக்செல் சூத்திரம்). ஆங்கிலத்தில் போடும் முன் எதைத் திருத்த வேண்டும்?

தலைப்பு: "விலுக்கப் வேலை செய்யவில்லை, அவசரம், உதவுங்கள்"

உள்ளடக்கம்: "எல்லோருக்கும் வணக்கம். நான் எக்செலுக்குப் புதிது. 320 மாணவர்களின் பட்டியல் ஒரு ஷீட்டில், மதிப்பெண் இன்னொரு ஷீட்டில். விலுக்கப் போட்டால் சிலருக்கு மதிப்பெண் வருகிறது, சிலருக்கு வரவில்லை. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். முழு ஃபைலும் டிரைவ் லிங்க்கில் இருக்கிறது. இதற்கு எக்செல் நல்லதா, வேறு மென்பொருள் நல்லதா என்றும் சொல்லவும். நன்றி."

சூத்திரம் =விலுக்கப்(ஏ2, ஷீட்2!ஏ2:சி321, 3, 0). இதை பி2-இல் போட்டு கீழே இழுத்திருக்கிறேன்.

---

கட்டம்கட்டி

முதலில் ஒரு விஷயம். சூத்திரத்தை எங்களுக்கு வரைவுக்கு வெளியே எழுதியிருக்கிறீர்கள், வரைவுக்குள் அது இல்லை. பதில் சொல்பவர் முதலில் தேடுவதே அதைத்தான்.

டிரைவ் லிங்க்கை உடனே எடுத்துவிடுங்கள். மாணவர் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு லிங்க்கை நீக்கினாலும் அதற்குள் யார் இறக்கி வைத்தார்கள் என்று தெரியாது. கேள்வியிலேயே அப்படி ஏதாவது எழுதிவிட்டுப் பிறகு திருத்தினாலும், பழைய வடிவம் திருத்த வரலாற்றில் எல்லோர் கண்ணுக்கும் கிடைக்கும். அங்கே எழுதுவது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் போகிறது. தவிர, லிங்க் செத்துப்போனால் கேள்வியும் அதோடு செத்துப்போகும். கேள்வி தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட் பற்றி: கணக்கு தொடங்கும்போது நற்பெயர்ப் புள்ளி 1தான் இருக்கும். 10 வரும்வரை படம் கேள்விக்குள் விரியாது, லிங்க்காகத்தான் நிற்கும். படமே விரிந்தாலும் அதிலிருந்து தரவை நகலெடுத்து யாரும் தன் எக்செலில் ஒட்டிப் பார்க்க முடியாது. படத்தைப் பார்த்து ஆறு வரி தட்டச்சு செய்து உங்களுக்கு உதவ எத்தனை பேர் வருவார்கள்? ரிப்பன் மெனு எங்கே இருக்கிறது, செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் வருகிறதா என்பது போன்ற விஷயத்துக்குப் படம் சரி. தரவுக்கும் சூத்திரத்துக்கும் எழுத்துதான்.

கடைசி வரி, "வேறு மென்பொருள் நல்லதா", அடியோடு போக வேண்டும். ஒரு பதிவில் ஒரு கேள்வி. அது இரண்டாவது கேள்வி, அதுவும் கருத்துக் கேட்கும் கேள்வி. எக்செலா கூகுள் ஷீட்ஸா என்று கேட்டாலே மூடுவதற்கு வாக்கு விழும். நல்ல முதல் பாதியும் சேர்ந்து மூடப்படும்.

வணக்கம், நன்றி, அவசரம், புதிது: இவற்றையும் எடுங்கள். நம் ஊர் மரியாதைக்கு இது ஒரு மாதிரிதான் இருக்கும். ஆனால் நீங்கள் எடுக்காவிட்டால் அங்கே இன்னொருவர் வந்து எடுத்துவிடுவார், அவ்வளவுதான். மரியாதைக் குறைவாக யாரும் நினைப்பதில்லை.

---

ஏழிசை

கட்டம்கட்டி சொன்னது மேல்பூச்சு. எனக்கு உறுத்துவது "சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை" என்ற வரி. வரவில்லை என்றால் என்ன வருகிறது? #என்/ஏ-வா, #ரெஃப்-ஆ, 0-வா, வெற்று செல்லா, அடுத்தவரின் மதிப்பெண்ணா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. #என்/ஏ என்றால் தேடியது கிடைக்கவில்லை. #ரெஃப் என்றால் அட்டவணையில் இல்லாத நெடுவரிசை எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். அடுத்தவர் மதிப்பெண் வந்தால் நான்காவது இடத்தில் 0 விட்டுப்போய், தோராயப் பொருத்தம் நடக்கிறது என்று முதலில் சந்தேகப்படலாம். உங்கள் சூத்திரத்தில் 0 இருப்பதால் அது இல்லை.

அடுத்தது, எந்த வரிகளில் வருகிறது என்பது. உங்கள் சூத்திரத்தில் ஏ2:சி321-க்கு, எல்லையை நகராமல் பூட்டும் டாலர் குறி இல்லை. கீழே இழுக்க இழுக்க எல்லை ஏ3:சி322, ஏ4:சி323 என்று நகரும். 300-ஆவது வரிக்கு வரும்போது ஷீட்2-இன் முதல் 298 பேர் தேடலிலேயே இருக்க மாட்டார்கள். இரண்டு ஷீட்டும் ஒரே வரிசையில் அடுக்கியிருந்தால் இந்தத் தப்பு வெளியே தெரியவே தெரியாது. அடுக்கு மாறியிருந்தால் கீழே போகப் போகப் பிழை கூடும். ஆகவே "கீழ்ப்பாதியில்தான் வருகிறது" என்று நீங்கள் எழுதியிருந்தால் இரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிடும். அங்கங்கே சிதறி வருகிறது என்றால் சூத்திரத்தை விட்டுவிட்டுத் தரவைப் பார்க்க வேண்டும்.

"எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்" என்பதற்குப் பதில் எதைச் செய்தீர்கள், என்ன வந்தது என்று இருக்க வேண்டும். பிழை வரும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பதிவெண் இருக்கும் செல்லை இரண்டு ஷீட்டிலும் இந்த மூன்றால் சோதியுங்கள்:

=ஈஸ்நம்பர்(ஏ2): எண்ணா, எண் போலத் தெரியும் எழுத்தா?
=லென்(ஏ2): எத்தனை எழுத்து?
=கோட்(ரைட்(ஏ2,1)): கடைசி எழுத்தின் கணினிக் குறியீட்டு எண் என்ன?

இந்த மூன்று விடையும் கேள்வியில் இருந்தால் அதற்குப் பிறகு யாரும் உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்கத் தேவையிருக்காது. எக்செல் பதிப்பையும் எழுதுங்கள். இல்லையென்றால் விலுக்கப்பின் புது வடிவமான எக்ஸ்லுக்கப் போடுங்கள் என்று முதல் பதில் வரும். 2016-இலும் 2019-இலும் அது கிடையாது.

---

நிரல்வரி

நன்றி இருவருக்கும். எக்செல் 2016, விண்டோஸ் 10. வருவது #என்/ஏ. ஏறக்குறைய 40 பேருக்கு, சிதறலாக. டாலர் போட்டுப் பார்த்தேன், எண்ணிக்கை மாறவில்லை. சோதனை: ஷீட்1-இல் ட்ரூ, 7, கடைசி எழுத்து 55. ஷீட்2-இல் அதே பதிவெண்ணுக்கு ஃபால்ஸ், 8, 160. மிகை இடைவெளியை நீக்கும் ட்ரிம் சூத்திரம் போட்டேன், அப்போதும் 8தான்.

இன்னொன்று: மாதிரிக்காக ஐந்து பதிவெண்ணைப் புது ஃபைலில் தட்டச்சு செய்து பார்த்தால் விலுக்கப் ஒழுங்காக வேலை செய்கிறது. அப்படியென்றால் மாதிரியை எப்படிக் கொடுப்பது?

---

ஏழிசை

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். தட்டச்சு செய்தால் நீங்கள் தருவது நல்ல தரவு, கெட்டது ஃபைலிலேயே தங்கிவிடும். அதை வைத்துக் கேட்டால் "எனக்குச் சரியாக வருகிறதே" என்று பதில் வரும், அதோடு கேள்வி படுத்துவிடும். மாதிரியை மேலிருந்து கீழாகக் குறைக்க வேண்டும்:

1. ஃபைலுக்கு நகல் எடுங்கள்.
2. நகலில் பாதி வரிகளை நீக்குங்கள். பிழை இன்னும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மறுபடி பாதி. போய்விட்டால் ஒரு படி பின்வாங்கி மற்ற பாதியை நீக்குங்கள்.
3. பிழை வரும் இரண்டு வரி, வராத இரண்டு வரி, அவ்வளவு மிஞ்சினால் போதும். வராத வரி ஒப்பிட்டுப் பார்க்கத் தேவை.
4. பெயர் நெடுவரிசையை அழித்து அ, ஆ, இ என்று போடுங்கள். பதிவெண்ணைத் தொடவே வேண்டாம். அது அடையாளம் காட்டும் எண்ணாக இருந்தால் எஃப்2 அழுத்தி நடுவில் உள்ள இலக்கங்களை மட்டும் மாற்றுங்கள், கடைசியில் ஒட்டியிருப்பது அப்படியே இருக்கட்டும். ஷீட்1-இலும் அதே எண்ணாக மாற்ற மறக்காதீர்கள்.
5. மாற்றிய பிறகும் #என்/ஏ வருகிறதா என்று மறுபடி பாருங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான்.

தளத்தில் ஒட்டும்போது இடைவெளிகள் சுருங்கும். அட்டவணையாகப் போட்டால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து போயே போய்விடும். அதனால் அட்டவணைக்குக் கீழே லென், கோட் விடைகளைத் தனி வரியாக எழுதிவிடுங்கள். சூத்திரத்தை நான்கு இடைவெளி உள்தள்ளி நிரல் பெட்டியில் போடுங்கள்.

---

கட்டம்கட்டி

160 என்றதுமே கதை முடிந்துவிட்டது. அது உடையா இடைவெளி, அதாவது வரி அந்த இடத்தில் உடையாமல் இருக்கப் போடும் சிறப்பு இடைவெளி எழுத்து. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த தரவில் ஒட்டிக்கொண்டு வரும். ட்ரிம் நீக்குவது 32-ஆம் எண்ணுள்ள சாதாரண இடைவெளியை மட்டும். அச்சில் வராத எழுத்துகளை நீக்கும் க்ளீன் சூத்திரம் எடுப்பது 0 முதல் 31 வரையுள்ள எண்களை. 160 இரண்டிலும் தப்பிவிடும். அது ஒட்டிய பதிவெண்ணை எக்செல் எண்ணாக எடுக்காமல் எழுத்தாக வைத்துக்கொள்கிறது.

சரிசெய்ய: ஷீட்2-இல் ஏதாவது ஒரு கெட்ட செல்லில் எஃப்2, எண்ட், பிறகு ஷிஃப்டும் இடது அம்பும். ஒரு எழுத்து தேர்வாகும். கன்ட்ரோல் சி, பிறகு எஸ்கேப். ஏ நெடுவரிசையைத் தேர்ந்து கன்ட்ரோல் ஹெச், "ஃபைண்ட் வாட்" பெட்டியில் ஒட்டி, "ரீப்ளேஸ் வித்" பெட்டியை வெறுமையாக விட்டு, ரீப்ளேஸ் ஆல். செல் வடிவம் ஜெனரல் என்றால் உடனே எண்ணாகிவிடும். டெக்ஸ்ட் என்றால் ஆகாது. வடிவத்தை மட்டும் ஜெனரலுக்கு மாற்றினாலும் ஏற்கெனவே உள்ளவை அப்படியே எழுத்தாக நிற்கும். நெடுவரிசையைத் தேர்ந்து டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ், நேராக ஃபினிஷ். அப்போது மாறும். (இது 7 இலக்கம் என்பதால் சொல்கிறேன். 16 இலக்க எண்ணை எண்ணாக மாற்றினால் எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். அங்கே ஷீட்1-ஐ எழுத்தாக மாற்ற வேண்டும்.)

இனி இந்தக் கேள்வியைச் சூப்பர் யூசரில் போட வேண்டாம். "எக்செல் ட்ரிம் கேர் 160" என்று தேடினால் விடை ஏற்கெனவே கிடக்கும். போட்டால் நகல் என்று அதனோடு இணைத்து மூடுவார்கள்.

---

நிரல்வரி

சரியாகிவிட்டது, 40-ம் வந்துவிட்டன. ஆனால் மாதம் ஒரு முறை இதே போலத் தரவு வரும். ஒவ்வொரு முறையும் கையால் செய்யாமல் இருக்க என்ன வழி என்று கேட்கலாமா?

---

ஏழிசை

கேட்கலாம். இப்போது கையில் காரணம் தெரிந்த பிரச்சினை இருக்கிறது. முதலில் பவர் க்வெரியைத் தொட்டுப் பாருங்கள். தரவைச் சுத்தம் செய்யும் படிகளை ஒரு முறை பதிந்து வைத்து மறுபடி மறுபடி ஓட்டும் எக்செல் கருவி அது. 2016-இல் டேட்டா மெனுவில் "கெட் அண்ட் டிரான்ஸ்ஃபார்ம்" என்ற பகுதியில் இருக்கிறது. நெடுவரிசையின் வகையை டெக்ஸ்ட் ஆக்குவது முதல் படி, ரீப்ளேஸ் வேல்யூஸ் அடுத்த படி, வகையை முழு எண்ணாக மாற்றுவது கடைசிப் படி. இந்த வரிசை முக்கியம். தரவை ஏற்றியதும் அது தானாகவே ஒரு வகை மாற்றப் படியை மேலே சேர்த்திருக்கும், அதை நீக்கிவிட்டு இவற்றைப் போடுங்கள். அடுத்த மாதம் புது ஃபைலை அதே பெயரில் அதே இடத்தில் வைத்து ரிஃப்ரெஷ் கொடுத்தால் போதும்.

எங்காவது மாட்டினால் மட்டும் கேளுங்கள். அமைப்பு இப்படி இருக்கலாம்:

தலைப்பு: "பவர் க்வெரியில் உடையா இடைவெளியை (160) நீக்கிய பிறகும் முழு எண்ணாக மாற்றும் படியில் பிழை வருகிறது"

உள்ளே: எக்செல் 2016, விண்டோஸ் 10. நான்கு வரி மாதிரி. லென், கோட் விடைகள். பவர் க்வெரியின் படிகள், வரிசை மாறாமல் (அட்வான்ஸ்டு எடிட்டரைத் திறந்தால் மொத்தமாக நகலெடுக்கலாம், ஃபைல் இருக்கும் பாதையில் உங்கள் பெயர் இருந்தால் மாற்றிவிடுங்கள்). பிழைச் செய்தி எழுத்துக்கு எழுத்து. எதிர்பார்ப்பது என்ன, வருவது என்ன என்று ஒவ்வொரு வரி.

தலைப்புக்கு 15 முதல் 150 எழுத்து இடம் உண்டு. அதைக் கடைசியில் எழுதினால் நன்றாக அமையும். குறிச்சொல் ஐந்து வரை போடலாம், இரண்டு பொருத்தமாக இருந்தால் போதும். அதே கேள்வியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் சேர்த்துப் போடாதீர்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்தில் ஆட்கள் உழைப்பதை அங்கே வெறுப்பார்கள்.

போட்ட பிறகு அரை மணி நேரமாவது பக்கத்திலேயே இருங்கள். விளக்கம் கேட்டுக் கருத்து வந்தால் பதிலைக் கருத்தில் எழுதாமல் கேள்வியைத் திருத்தி அதில் சேர்த்துவிடுங்கள். மைனஸ் விழுந்தால் 2 புள்ளி போகும், ஆனால் 1-க்குக் கீழே இறங்காது, அதனால் புதியவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பயந்து நீக்க வேண்டாம், திருத்துங்கள். மூடிவிட்டால்கூடத் திருத்தி மறுதிறப்புக்கு அனுப்பலாம். பதில் வந்த பிறகு மட்டும் கேள்வியின் பொருளை மாற்றாதீர்கள், வந்த பதில் அந்தரத்தில் தொங்கும். அப்போது முளைக்கும் புதுச் சந்தேகத்துக்குப் புதுப் பதிவு.

---

கட்டம்கட்டி

பதில் வேலை செய்தால் பக்கத்தில் உள்ள டிக் குறியை அழுத்துங்கள். சொன்னவருக்கு 15, உங்களுக்கு 2. நீங்களே விடை கண்டுபிடித்தால் அதையும் பதிலாகப் போடலாம். அதை ஏற்க மட்டும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.