அம்மாவுக்கு வீட்டுக்கு வந்து திருவிருந்து (இயேசுவின் நினைவாகத் தரும் அப்பமும் திராட்சரசமும்) தர ஆயர் தேவை (திருமங்கலம், மதுரை)

அம்மாவுக்கு 71 வயது. போன பொங்கலுக்குப் பிறகு இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர், திடப்படுத்தலும் (வளர்ந்தபின் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கு) முடித்தவர். திருமங்கலம் வந்தபின் பக்கத்துத் தெருவில் ஒரு சுயாதீனச் சபைக்கு (பெரிய திருச்சபை எதிலும் சேராதது) போய்க்கொண்டிருந்தார்.

அங்கே பாஸ்டர், முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துச் சபையில் சேராவிட்டால் இரட்சிப்பு இல்லை என்கிறார். 'விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்' என்ற மாற்கு 16:16-ஐக் காட்டுகிறார். அந்த வசனத்தின் பின்பாதி 'விசுவாசியாதவன்' என்றுதானே சொல்கிறது, முழுகாதவன் என்று இல்லையே! கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு என்கிற எபேசியர் 2:8, ஞானஸ்நானம் இல்லாமலே இயேசு ஏற்றுக்கொண்ட, சிலுவையில் மனந்திரும்பிய கள்ளன், எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அப்போஸ்தலர் 2:47-இலும் இரட்சிக்கப்படுகிறவர்களைச் சபையில் சேர்ப்பவர் கர்த்தர்தான். பாஸ்டர் அசையவில்லை.

சரி, ஊரில் உள்ள பழைய சபையைக் கேட்டால், சபைக்குக் கட்டும் சந்தா நின்றுபோனதால் பதிவேட்டில் பெயர் இல்லையாம். இங்குள்ள ஆயரிடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்கிறார்கள். அதை யார் தருவார்கள்? தெரிந்த இன்னொரு போதகர் ஜெபித்துவிட்டுப் போனார், திருவிருந்துக்குத் தயங்கினார்.

தண்ணீரில் இறக்க எலும்பு மருத்துவர் அனுமதிக்கவில்லை. அம்மாவோ, "நான் கெட்டுப்போயிருவேனாடா?" என்று ராத்திரியில் கேட்கிறார். என் பதிலைவிட ஒரு ஆயர் வாயிலிருந்து வரும் வார்த்தைதான் அவருக்குத் தேறுதல்.

சபைப் பதிவேட்டில் பெயர் இல்லாத, முழுக்கு எடுக்காத ஒருவருக்கு வீட்டுக்கே வந்து திருவிருந்து தரும் ஆயர் யாரையாவது மதுரை, திருமங்கலம் பக்கம் உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?